கேட்டவருக்குச் சொல்லவேண்டும்

1987 ஜனவரி 1ஆம் தேதி டென்மார்க்கில் நிர்வாகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் ஏழாவது பிரிவு மிகச் சிறியது. ஓர் அலுவலகத்தின் பொறுப்பில் உள்ள விஷயத்தைப் பற்றி ஒருவர் வந்து கேட்டால், அவருக்கு வேண்டிய அளவுக்கு வழிகாட்டி உதவவேண்டும் என்கிறது அது. தவறான அலுவலகத்துக்குக் கடிதம் போய்விட்டால், சரியான இடத்துக்கு அதை அனுப்பிவைப்பதும் முடிந்தவரை அந்த அலுவலகத்தின் வேலை. கேட்டவரைத் திருப்பி அனுப்பக்கூடாது.

அதே ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டின் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் ஒரு வகை விண்ணப்பங்களை ஓரமாக எடுத்துவைக்கும்படி அதிகாரிகளிடம் சொன்னார். ஊரில் விட்டுவந்த மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்வதற்கான விண்ணப்பங்கள் அவை. விண்ணப்பித்தவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

குடும்பம், வீடு ஆகிய இரண்டையும் பற்றிய சட்டத்தைச் சாதாரண மனிதர் காசில்லாமல் எப்படித் தெரிந்துகொள்கிறார் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. டென்மார்க்கில் அந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் தமிழர்களால் நேர்ந்தது. அந்நாட்டின் தீபகற்பப் பகுதியான யூட்லாந்தின் சிறு நகரங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு அது பாடப்புத்தகச் செய்தியாக இருக்கவில்லை. தபாலில் வராத ஒரு பதிலாக இருந்தது.

அப்படிப்பட்ட நகரங்களில் ஒன்று கிரின்ஸ்டெட். புதர் மண்டிய மணல்வெளியைப் பண்படுத்தி எழுந்த ஊர். மக்கள் தொகை இன்றும் ஏறக்குறைய பத்தாயிரம்தான். 1924இல் தொடங்கிய ரசாயன ஆலை ஒன்று அந்த ஊருக்குப் பெயரும் வேலையும் தந்தது. பக்கத்து ஊரான பில்லுண்டில் லெகோ பொம்மைத் தொழிற்சாலை இருக்கிறது. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழ் இளைஞர்களை டென்மார்க் தலைநகரில் குவிய விடாமல் நாடெங்கும் பிரித்துக் குடியமர்த்தியது. ஹேர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ, பில்லுண்ட், கிரின்ஸ்டெட் என்று மத்திய, மேற்கு யூட்லாந்து ஊர்களின் பெயர்கள் யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல்களில் ‘வதிவிடமாகவும்’ என்ற சொல்லுக்கு முன்னால் வரத் தொடங்கியது அப்படித்தான்.

அகதியாக ஏற்கப்பட்ட ஒருவரை முதல் பதினெட்டு மாதங்கள் கவனிக்கும் பொறுப்பு அப்போது டேனிஷ் அகதிகள் பேரவையிடம் இருந்தது. 1956இல் தொடங்கிய தொண்டு அமைப்பு அது. வீடு பார்த்துக் கொடுப்பதும், மொழி வகுப்பில் சேர்ப்பதும், படிவம் நிரப்பச் சொல்லித் தருவதும் அவர்கள் வேலை. 1999இல் வந்த ஒருங்கிணைப்புச் சட்டம்தான் அதைக் கொமூன்களின், அதாவது நகராட்சிகளின், கையில் கொடுத்தது. ஆகவே 80களில் ஒரு தமிழர் டேனிஷ் சட்டத்தை முதன்முதலாகக் கேட்டறிந்தது வழக்கறிஞரிடமிருந்து அன்று. பேரவை அலுவலகத்தின் மேசைக்கு மறுபுறம் இருந்த ஓர் ஊழியரிடமிருந்தும், பக்கத்தில் அமர்ந்து மொழிபெயர்த்தவரிடமிருந்தும்தான்.

வந்தவர்கள் சட்டம் அறியாதவர்களும் அல்லர். யாழ்ப்பாணத்தில் காணி, சீதனம், உறுதி என்றால் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் பேச்சு நடக்கும். உறுதி எழுதும் நொத்தாரிசு யார், வழக்குப் பத்திரம் தயாரிக்கும் பிரக்கிராசியார் யார், நீதிமன்றத்தில் வாதாடும் எந்த அப்புக்காத்து வழக்கை இழுக்காமல் முடிப்பார் என்பது ஊருக்கே தெரியும். அதற்கெல்லாம் அடியில் தேசவழமை இருந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை எழுதித் தரும்படி ஒல்லாந்த ஆட்சி, நெடுங்காலம் அங்கே பணியாற்றிய திசாவை என்னும் ஆட்சி அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸைக் கேட்டது. 1707இல் அவர் அதை எழுதி முடித்தார். பிறகு நடந்ததுதான் இங்கே கவனிக்கவேண்டியது. அந்த நூல் தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் கையில் கொடுக்கப்பட்டது. தங்கள் வழக்கம் சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து அவர்கள் ஒப்பினார்கள். ஒரு சட்டம் யாரை ஆளப்போகிறதோ அவர்களுடைய மொழியில் அவர்களிடமே காட்டிச் சரிபார்க்கப்பட்டது. பிரித்தானியர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள்.

பரம்பரையாக வந்த முதுசம் எது, பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் எது, மணத்துக்குப் பின் சேர்த்த தேடியதேட்டம் எது; கணவன் மனைவிக்கு இடையில் எது யாருக்கு; ஒற்றி வைத்த காணியை எப்படி மீட்பது; ஒருவர் காணியை விற்க நினைத்தால் பங்காளிக்கு முதலில் கேட்கும் உரிமை என்ன. குடும்பமும் வீடும் ஒரே நூலில் பின்னிக் கிடக்கும் சட்டம் அது. அதில் பெண்ணுக்குக் கிடைத்த வலுவும் உண்டு, கட்டும் உண்டு: சீதனம் அவளுடைய சொத்து, ஆனாலும் மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். இந்த அறிவோடு வந்து இறங்கியவர்களுக்கு டென்மார்க்கில் அதில் பாதிக்கு மேல் பயன்படவில்லை. இங்கே மனைவியும் கணவனும் 1925ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே சமம். பிரிந்தால் சொத்தைப் பங்கிடும் முறை வேறு. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஒருவர் மற்றவரின் சம்மதமில்லாமல் விற்க முடியாது. அந்தக் கட்டு கணவனுக்கும் உண்டு.

டென்மார்க்குக்கும் தன் மக்களிடம் சட்டத்தைச் சொல்லும் பழைய வரலாறு ஒன்று இருக்கிறது. 1241இல் இரண்டாம் வால்டமார் மன்னர் வெளியிட்ட யூட்லாந்துச் சட்டம், கற்றோர் மொழியான லத்தீனில் எழுதப்படாமல் டேனிஷ் மொழியிலேயே எழுதப்பட்டது. இன்றைய கிரின்ஸ்டெட் இருக்கும் மணல்வெளியும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் இருந்தது. 1683இல் ஐந்தாம் கிறிஸ்தியான் நாடு முழுவதற்கும் ஒரே சட்டத்தொகுப்பைக் கொண்டுவந்தார். 1871 முதல் ஒவ்வொரு புதிய சட்டமும் அரசின் சட்ட இதழில் அச்சாகி வந்தது.

அச்சானது எல்லாருக்கும் எட்டியதா? எட்டவில்லை என்று முதலில் உரக்கச் சொன்னவர்கள் கோபன்ஹேகன் மாணவர்கள். 1885இல் மாணவர் சங்கம் ஒன்று, வசதியற்றவர்களுக்கு இலவசச் சட்ட உதவி நிலையத்தைத் தொடங்கியது. வாடகை கொடுக்க முடியாமல் வெளியேற்றப்படுபவர், கூலி மறுக்கப்பட்ட வேலைக்காரப் பெண், பிள்ளைக்குத் தகப்பனிடமிருந்து உதவி கிடைக்காத தாய் என்று வந்தவர்களுக்குச் சட்டம் படிப்பவர்களும் படித்தவர்களும் உட்கார்ந்து விளக்கினார்கள். கோபன்ஹேகன் சட்ட உதவி நிலையம் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. ஒன்றரை நூற்றாண்டை நெருங்கும் வழக்கம் இது. அரசு நினைக்கும் முன்பே குடிமக்கள் தாமாகத் தொடங்கியது என்பதால் இதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

முதல் உலகப் போர்க்காலத்தில் வாடகை ஏறியபோது வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் உள்ளூர்க் குழுக்கள் வந்தன. 1920இல் நூலகச் சட்டம் வந்தது. 1955இல் ஒம்புட்ஸ்மன் பதவி உருவானது: அரசு அலுவலகம் தவறு செய்தது என்று யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் புகார் எழுதக்கூடிய, நாடாளுமன்றம் நியமிக்கும் ஒரு சட்ட அறிஞர். முதலில் அந்தப் பதவியில் இருந்தவர் ஸ்டெஃபான் ஹுர்விட்ஸ். பல நாடுகள் பிற்காலத்தில் பார்த்து எடுத்துக்கொண்ட மாதிரி டென்மார்க்குடையதுதான்.

இத்தனையும் இருந்த நாட்டில்தான் 1987 நடந்தது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1983இல், டென்மார்க் புதிய வெளிநாட்டவர் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. அகதியாக ஏற்கப்பட்டவர் தன் மனைவியையும், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளையும் அழைத்துக்கொள்வது உரிமை என்றது அந்தச் சட்டம். அமைச்சரின் தயவைப் பொறுத்தது என்று சொல்லவில்லை. அது அச்சில் இருந்தது, நூலகத்தில் இருந்தது, விரும்பிய எவரும் எடுத்துப் படிக்கலாம். அகதிகள் பேரவையின் ஊழியர்களும் அதைத்தான் தமிழர்களிடம் சொன்னார்கள். படிவங்கள் நிரப்பப்பட்டுக் கோபன்ஹேகனுக்குப் போயின.

நின்-ஹான்சனின் எண்ணம் வேறாக இருந்தது. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார்கள். இலங்கையில் அமைதி வந்துவிடும். தமிழர்கள் திரும்பிப் போகலாம். அப்படியிருக்க அவர்களுடைய குடும்பங்களை எதற்கு இங்கே வரவழைக்கவேண்டும் என்பது அவர் தரப்பு நியாயம். அந்த நியாயத்தின் வெறுமையைப் பார்க்க யாழ்ப்பாணத்துக்குப் போனால் போதும். அக்டோபர் 10 அன்று இந்திய அமைதிப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்த படையினரின் துப்பாக்கிச் சூட்டில் மருத்துவர்களும் தாதிகளும் நோயாளிகளும் இறந்தார்கள். எந்த ஊரில் அமைதி வந்துவிட்டது என்று சொல்லிக் கோப்புகள் மூடிவைக்கப்பட்டனவோ, அந்த ஊரில் விண்ணப்பதாரர்களின் மனைவிமாரும் பிள்ளைகளும் ஷெல்லுக்குப் பயந்து பதுங்கிக் கிடந்தார்கள்.

விசாரித்தவர்களுக்குக் கிடைத்தவை பிடிகொடுக்காத பதில்கள். பரிசீலனைக்கு நேரம் எடுக்கிறது என்ற மாதிரியான பதிலில் எதிர்த்து வாதிட எதுவுமில்லை. ‘மறுக்கிறோம்’ என்று எழுதியிருந்தால் மேல்முறையீடு செய்யலாம், பத்திரிகையிடம் காட்டலாம், வழக்கறிஞரிடம் எடுத்துப் போகலாம். மறுக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை என்ற நிலையில் ஒருவருக்குத் தன் உரிமை பறிபோனதே தெரியாது. சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்தில் ஆள்பலம் வேண்டும். கோப்பை இழுப்பறைக்குள் வைக்க ஒரு வாய்மொழி உத்தரவு போதும். நின்-ஹான்சன் செய்த தவறின் கனம் இந்த மறைப்பில்தான் இருக்கிறது.

அகதிகள் பேரவையும் வழக்கறிஞர்களும் விடவில்லை. விவகாரம் ஒம்புட்ஸ்மனிடம் போனது. அந்தப் பதவியில் அப்போது சட்டப் பேராசிரியர் ஹான்ஸ் கம்மெல்டொஃப்ட்-ஹான்சன் இருந்தார். 1989 தொடக்கத்தில் கோப்புகள் மறுபடி நகரத் தொடங்கின. அந்த ஆண்டு மார்ச்சில் வந்த அவருடைய அறிக்கை, நடந்தது சட்டத்துக்கு முரண் என்றது. நின்-ஹான்சன் அதற்குள் நீதி அமைச்சைவிட்டு நாடாளுமன்றத் தலைவர் நாற்காலிக்கு மாறியிருந்தார். ஏப்ரல் 25 அன்று பிரதமர் போல் ஷ்லூட்டர் அவையில் எழுந்து, கம்பளத்துக்கு அடியில் எதையும் பெருக்கித் தள்ளவில்லை என்றார். டென்மார்க்கில் அந்த வாக்கியத்தை இன்றும் மறக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நின்-ஹான்சன் தலைவர் பதவியைத் துறந்தார்.

உச்ச நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையில் 1990இல் விசாரணை தொடங்கியது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட அவரது அறிக்கை 1993 ஜனவரி 14 அன்று வெளியானது. கம்பளத்துக்கு அடியில் என்ன இருந்தது என்பது அதில் இருந்தது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்ட ஷ்லூட்டர் அன்றே பதவி விலகுவதாக அறிவித்தார். அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றமான ரிக்ஸ்ரெட்டன் 1910க்குப் பிறகு முதல் முறையாகக் கூடியது. 1995 ஜூன் 22 அன்று எழுபத்துமூன்று வயது நின்-ஹான்சனுக்கு நான்கு மாதச் சிறைத் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்டதாக, விதிக்கப்பட்டது. அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்; 1999இல் அங்கும் எடுபடவில்லை.

ஒரு நாட்டின் அரசாங்கம் தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பக் கோப்புகளால் கவிழ்ந்தது. இதைத் தமிழகத்தில் அறிந்தவர்கள் சொற்பம். ஈழப்போரின் வரலாறு எழுதப்படும்போதும் இது ஓர் அடிக்குறிப்பாகத்தான் வந்துபோகிறது. அது போதாது. சட்டப்படி எங்களுக்கு உரியதைக் கொடுங்கள் என்று கேட்ட, நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமைகூட இல்லாத மனிதர்கள், கேட்டதைக் கைவிடாமல் நின்றதன் விளைவு அது.

குடும்பங்கள் வந்து சேர்ந்த பிறகு அடுத்த பாடம் வீடு. யூட்லாந்தின் அகதிக் குடும்பங்களில் பலவற்றுக்கு முதல் வீடு, லாப நோக்கமில்லாத குடியிருப்புச் சங்கங்களின் அடுக்குமாடி வீடுதான். நாட்டு வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இந்த வகை. இங்கே குடியிருப்பவர் வெறும் வாடகைக்காரர் இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாக்கு. வரவு செலவு அங்கே வைக்கப்படும். வீட்டு ஒழுங்கு விதிகளை அங்கேதான் வாக்கெடுத்து மாற்றுவார்கள். ‘வீட்டுக்காரன் சொன்னால் சரி’ என்று பழகியவர்களுக்கு அந்தக் கூட்ட அழைப்பிதழ் விளங்கவே சில காலம் பிடித்திருக்கும்.

தனியாரிடம் வாடகைக்குப் போனால் ஒரு தாள் வரும். நாடு முழுவதும் ஒரே அச்சில் உள்ள நிலையான ஒப்பந்தப் படிவம் அது. வாடகை எவ்வளவு, தண்ணீர், சூடாக்கும் செலவு யார் பக்கம் என்பவையெல்லாம் கட்டங்களில் நிரப்பப்பட்டிருக்கும். விஷயம் அறிந்தவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது பதினோராம் பிரிவை. ‘சிறப்பு நிபந்தனைகள்’ அங்கேதான் எழுதப்படும். வழக்கமான சட்டப் பாதுகாப்பிலிருந்து விலகும் எதுவும் அங்கே ஒளிந்திருக்கும். முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. குடிபோன நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் சுவரில் உள்ள வெடிப்பையும் தரையில் உள்ள கீறலையும் எழுத்தில் தெரிவித்துவிடவேண்டும். இல்லாவிட்டால் வெளியேறும்போது அது குடியிருந்தவர் தலையில் விழும். வெளியேறிய பிறகு, பழுதுக்குப் பணம் கேட்க வீட்டு உரிமையாளருக்கும் அதே இரண்டு வாரம்தான். இந்த இரண்டு வாரக் கணக்குத் தெரியாமல் முன்பணத்தை இழந்தவர்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவர்களிடையேயும் இருப்பார்கள், டேனிஷ்காரர்களிடையேயும்.

சொந்த வீடு வாங்கும் காலம் வந்தபோது கிரின்ஸ்டெட்டில் கூடுதலாக ஒன்றைப் பார்க்கவேண்டியிருந்தது: மண். ஊரை வளர்த்த ரசாயன ஆலையின் கழிவு பல பத்தாண்டுகள் நிலத்திலும் குப்பைமேட்டிலும் ஆற்றிலும் போய்ச் சேர்ந்தது. டென்மார்க்கின் மிகப்பெரிய பழைய மாசுகளின் பட்டியலில் கிரின்ஸ்டெட் இடம்பெற்றிருக்கிறது. 2000இல் நடைமுறைக்கு வந்த மண்மாசுச் சட்டப்படி, சந்தேகம் உள்ள மனைகள் ஒரு நிலையிலும், மாசு உறுதியானவை இன்னொரு நிலையிலும் வரைபடத்தில் குறிக்கப்படுகின்றன. குறிக்கப்பட்ட மனையில் வீடு கட்டவோ அதன் பயன்பாட்டை மாற்றவோ அனுமதி வேண்டியிருக்கும். முகவரியைக் கொடுத்தால் அந்த மனையின் நிலையை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். நிலப்பதிவேடும் அப்படித்தான். 2009 செப்டம்பரில் அது கணினிக்குப் போன பிறகு, ஒரு வீட்டின் மேல் எவ்வளவு அடமானம், யார் பெயரில் உறுதி, பாதை உரிமை யாருக்கு என்பதை வீட்டு மேசையிலிருந்தே அறியலாம். தமிழ்நாட்டில் பதிவுத்துறை வில்லங்க விவரத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருப்பதைப் பயன்படுத்துபவர்களுக்கு இதன் அருமை விளங்கும். யாழ்ப்பாணத்தில் இதற்காகவே நொத்தாரிசின் வீட்டுப் படியேறவேண்டியிருந்தது.

குடும்பச் சட்டம் இன்னொரு வழியாகவும் வீட்டுக்குள் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் பேசுவதற்கென்றே ஒரு தொலைபேசி எண் 1987இல் தொடங்கப்பட்டது. 1997இல் பெற்றோர் பிள்ளையை அடிக்கும் உரிமை சட்டத்திலிருந்து முற்றாக எடுக்கப்பட்டது. அடியாத மாடு படியாது என்று வளர்ந்த தலைமுறைக்கு, தன் ஒன்பது வயது மகளே வந்து சட்டம் சொன்னது எளிதில் செரித்திருக்காது. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் சொன்னது சரியான சட்டம்.

மணமுறிவுக்கு, இருவரும் ஒத்துக்கொண்டால், நீதிமன்றம் போகத் தேவையில்லை; நிர்வாக அலுவலகமே வழங்கிவிடும். கிரின்ஸ்டெட்காரர்களுக்கு 2006 வரை அந்த அலுவலகம் ரீபே நகரில் இருந்தது. 2019 ஏப்ரல் முதல் நாடு முழுவதற்கும் குடும்பச் சட்ட இல்லம் என்ற அமைப்பு அதைப் பார்க்கிறது. கணவனைப் பிரிய நினைக்கும் பெண் உறவினர் காதில் விழாமல் விசாரிக்க வழி வேண்டும். 1924இல் தொடங்கி இடையில் மூடப்பட்டு 1983இல் மறுபடி எழுந்த தாய்மார் உதவி அமைப்பு இலவச ஆலோசனை தருகிறது. வழக்கறிஞர்கள் தொண்டாக உட்காரும் ஆலோசனை நேரம் பல ஊர்களில் நூலகத்திலேயே நடக்கிறது. வருமானம் எவ்வளவானாலும் சட்டத்தின் அடிப்படையை வாய்மொழியாக இலவசமாகக் கேட்டறியலாம். கடிதம் எழுதித் தருவது போன்ற அடுத்த படிகளுக்குத்தான் வருமான வரம்பு. புத்தகம் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடிய இடத்தில் வழக்கறிஞர் இருக்கிறார் என்பது, சிறு ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஒரு சமூகத்தில், சின்ன வசதி அன்று.

2002இல் மறுபடி ஒரு கதவு பாதி மூடியது. வெளிநாட்டிலிருந்து மணத்துணையை அழைக்க இருவருக்கும் இருபத்துநான்கு வயது ஆகியிருக்கவேண்டும் என்ற விதி வந்தது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ சம்பந்தம் பேசிய குடும்பங்கள் சாதகத்தோடு சட்டப் பிரிவையும் சேர்த்துப் பார்க்கவேண்டியதாயிற்று. டேனிஷ் குடிமக்கள் பலர் இரு நாடுகளையும் இணைக்கும் பாலத்துக்கு அப்பால் சுவீடனின் மால்மோவில் போய்க் குடியேறித் துணையை அழைத்தார்கள். அப்படி வேறொரு நாட்டில் வாழ்ந்து வேலை செய்துவிட்டுத் திரும்பினால், ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி டென்மார்க்கிலேயே சேர்ந்து வாழ உரிமை கிடைக்கக்கூடும். 2008 கோடையில் பெர்லிங்ஸ்கே நாளிதழ் வெளிக்கொண்டுவந்த செய்தி இதுதான்: குடிவரவு அலுவலகம், கேட்டு வந்தவர்களிடம் அந்த உரிமையை உள்ளபடி சொல்லவில்லை. ஒம்புட்ஸ்மன் ஆராய்ந்து குறை கண்டார். 1987 ஜனவரியின் அந்த ஏழாவது பிரிவு மீண்டும் மேசைக்கு வந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து இன்னொன்று. டென்மார்க்கில் பிறந்த, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத இளைஞர்களுக்கு ஐநா உடன்படிக்கைப்படி டேனிஷ் குடியுரிமை பெறும் உரிமை இருந்தது. இருபத்தொரு வயதுக்குள் கேட்கவேண்டும். தகுதியிருந்தும் அவர்களுக்கு மறுத்துக்கொண்டிருந்தார்கள். இதன் விளைவாக 2011 மார்ச்சில் ஒருங்கிணைப்பு அமைச்சர் பிர்த்த ரென் ஹோர்ன்பெக் பதவி இழந்தார்.

இதற்கிடையே தாள் மறைந்துகொண்டிருந்தது. 2007இல் அரசுச் சேவைகளுக்கு ஒரே இணைய வாசல் திறந்தது. அதே ஆண்டு கிரின்ஸ்டெட் கொமூன் பில்லுண்டோடு இணைந்தது. நகர மண்டபம் கிரின்ஸ்டெட்டில் இருக்கிறது. 2008 முதல் அரசின் சட்ட இதழ் மின்வடிவில் மட்டும். 2014 நவம்பர் முதல் பதினைந்து வயது தாண்டிய அனைவருக்கும் அரசுக் கடிதம் மின்தபால் பெட்டியில்தான் வரும். விலக்குக் கேட்டுப் பெற்றவர்களுக்கு மட்டும் தாள். பெட்டியில் வந்து விழுந்தாலே கடிதம் சேர்ந்ததாகக் கணக்கு. திறந்து படிக்காதது சாக்காகாது. சட்டம் முழுவதும் இலவசமாக, இருபத்துநான்கு மணி நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 80களில் தொழிற்சாலை வரிசையில் நின்று டேனிஷ் கற்று இன்று ஓய்வு பெற்ற ஒருவருக்கோ, மகனோ மகளோ சனிக்கிழமை வந்து கைபேசியைத் திறந்து படித்துச் சொல்லும்வரை அது பூட்டித்தான் கிடக்கிறது. முதுமைக் கால ஓய்வூதியம், வீட்டு வாடகை மானியம், மருத்துவமனை நேரம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். தகப்பனின் வரிக்கடனையும் தாயின் நோய் விவரத்தையும் பிள்ளை படிக்கவேண்டியிருப்பது இருவருக்குமே சங்கடம். அலுவலகத்தின் வழிகாட்டும் கடமை இணையத்துக்குப் போனதால் அழிந்துவிடவில்லை. கொமூனின் மக்கள் சேவை முகப்பில் போய்க் கேட்டால் உட்காரவைத்துக் காட்டவேண்டியது அவர்கள் பொறுப்பு. அதை நினைவுபடுத்திக் கேட்பவர்கள் குறைவு.

2016 பிப்ரவரி 10 அன்று அப்போதைய ஒருங்கிணைப்பு அமைச்சர் இங்கர் ஸ்டொய்பேர்க், அகதி முகாம்களில் ஒருவருக்குப் பதினெட்டு வயது ஆகாத தம்பதிகளைப் பிரிக்கவேண்டும் என்று ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டார். ஒவ்வொருவர் நிலைமையையும் தனித்தனியாகக் கேட்காமலே இருபத்துமூன்று தம்பதிகள் பிரிக்கப்பட்டனர். சிரியாவிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி ஒம்புட்ஸ்மனுக்குப் புகார் எழுதினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நடைமுறை கைவிடப்பட்டது. விசாரணை ஆணையம் வந்தது. நின்-ஹான்சனுக்குப் பிறகு ரிக்ஸ்ரெட்டன் மறுபடி கூடியது. 2021 டிசம்பர் 13 அன்று இருபத்தாறு நீதிபதிகளில் இருபத்தைந்து பேர் ஸ்டொய்பேர்க்கைக் குற்றவாளி என்றார்கள். அறுபது நாள் சிறை. இந்த முறை தண்டனை நிறுத்திவைக்கப்படவில்லை.

ஒம்புட்ஸ்மனுக்கு எழுத இப்போதும் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுதவேண்டும். முறையிட மேலிடம் இருந்தால் முதலில் அங்கே போய்விட்டு வரவேண்டும். பெயர் போடாத கடிதத்தைப் புகாராக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.